முன் சீட்டா, பின் சீட்டா? கைக்குழந்தையோடு சைக்கிள் ஓட்ட எது சரி

எங்கள் மகளுக்கு இப்போது இரண்டே கால் வயது. ஒரு வருடமாக வாரத்தில் நாலைந்து நாள் என்னோடு சைக்கிளில் வருகிறாள். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியைச் சுற்றி, சித்திரை வீதிக்கு வந்து, ராஜகோபுரத்தைத் தாண்டி அம்மா மண்டபம் வரை போய்க் காவிரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். வெயில் ஏறுவதற்குள் வீடு. அவளை எதில் உட்கார வைப்பது என்று முடிவு செய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. தெருவில் யாராவது சைக்கிளை நிறுத்தச் சொல்லி, "இது எங்கே வாங்கினீங்க, பயமா இல்லையா?" என்று கேட்காத வாரமே இல்லை. நின்ற இடத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வயது. ஒரு வயது நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தில் அது சட்டமாகவே இருக்கிறது. பிரச்சினை கழுத்தில்தான். அந்த வயதில் உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கழுத்து இன்னும் இறுகவில்லை. அதன்மேல் ஹெல்மெட்டையும் மாட்டி, பள்ளத்தில் ஒரு குலுக்குக் குலுக்கினால் பிஞ்சுக் கழுத்து தாங்காது.

கடையில் இருக்கும் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் '9 மாதம் முதல்' என்று போட்டிருக்கும். அதே பெட்டியில் இன்னொரு ஒன்பதும் இருக்கும், 9 கிலோ. அதைத்தான் கவனிக்க வேண்டும். சைக்கிள் குழந்தை சீட்டுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 14344. அது எடையை வைத்துத்தான் சீட்டை வகை பிரிக்கிறது. பின்னால் மாட்டுவது 9 கிலோவிலிருந்து 22 கிலோ வரை, முன்னால் மாட்டுவது 9 கிலோவிலிருந்து 15 கிலோ வரை. பின் சீட்டிலேயே 15 கிலோவோடு நிற்கும் வகையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 8.9 கிலோ, ஆண் குழந்தைக்கு 9.6. நம் வீட்டுக் குழந்தைகளில் பலர் இதற்குக் கொஞ்சம் கீழேதான் இருப்பார்கள். என் மகள் முதல் பிறந்தநாளில் 8.3 கிலோ. ஒன்பதைத் தொடப் பதினான்கு மாதம் ஆனது, அதுவரை காத்திருந்தோம். எடை வந்தாலும், பிடிமானம் இல்லாமல் தரையில் நிமிர்ந்து உட்கார்ந்து விளையாடுகிறதா என்பதையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

சரி, இப்போது சீட்டுக்கு வருவோம்.

எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடையில் கேட்டதும் முதலில் எடுத்துக் காட்டியது பாரில் மாட்டும் சின்ன சீட்டை. இரும்புச் சட்டம், மேலே ரெக்ஸின் உறை போட்ட பஞ்சு, பாரில் இறுக்க இரண்டு போல்ட். சில நூறு ரூபாய்தான். "எல்லாரும் இதைத்தான்க்கா வாங்குறாங்க, குழந்தை ஹேண்டில்பாரைப் புடிச்சுக்கும்" என்றார் கடைக்காரர். நாலு வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்ளலாம். ஒரு வயதுக் குழந்தை வழியில் ஒரு காக்காயைப் பார்த்தால் இரண்டு கையையும் விட்டுவிட்டுத் திரும்பும். அதில் பெல்ட் கிடையாது, முதுகுக்குச் சாய்மானம் கிடையாது, காலுக்குத் தடுப்பும் கிடையாது. நான் வேண்டாம் என்று முடிவு செய்ய அந்தக் கடைசிக் குறை ஒன்றே போதுமானதாக இருந்தது.

என் தம்பிக்கு நாலு வயது இருக்கும்போது அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனான். வளைவில் கால் உள்ளே போய்க் குதிகால் ஸ்போக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அப்பா சைக்கிள் கனக்கிறதே என்று ஒரு மிதி அழுத்தி மிதித்திருக்கிறார். முப்பது வருடம் ஆகிவிட்டது. இடது குதிகாலுக்குப் பின்னால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறிப்போய், மெழுகு பூசியது போல ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. புதுச் செருப்பின் வார் அதில் உரசினால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பான். அப்பா இன்றைக்கும் அந்தக் காலைப் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவார். ஜெர்மனியில் சைக்கிளில் குழந்தையை ஏற்றுவதற்கென்றே சாலை விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. ஏழு வயது நிறையாத பிள்ளையை ஏற்றிச் செல்பவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும், தனி சீட் வேண்டும், பிள்ளையின் கால் ஸ்போக்குக்குள் போகாதபடி தடுப்பு வேண்டும். நம் ஊரில் 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி மோட்டார் பைக்குக்கு மட்டும்தான். நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு பெல்ட் வேண்டும், 9 மாதம் முதல் 4 வயது வரை ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. சைக்கிள் அதில் வராது. அதனால் காலை யார் காப்பாற்றுவது என்ற பொறுப்பு முழுவதும் நம்மிடம்தான் இருக்கிறது. எந்த சீட்டாக இருந்தாலும் முட்டியிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் மூடிய காலணைப்பு இருக்க வேண்டும், பாதத்தைக் கட்டும் வார் இருக்க வேண்டும். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

உண்மையில் தயங்க வைத்தது முன் சீட். ஓட்டுபவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில், ஹேண்டில்பாரின் கழுத்துப் பகுதியில் ஒரு பிடிமானம் மாட்டி, அதில் சீட்டைச் செருகுவார்கள். பெல்ட்டும் காலணைப்பும் உள்ள நல்ல சீட் இது, பார் சீட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெங்களூரில் இருக்கும் தோழி ஒருத்தியின் சைக்கிளில் அவள் மகனை வைத்து ஒரு பூங்காவுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நம் இரண்டு கைக்கு நடுவில் குழந்தை, அதன் தலை நம் மோவாய்க்குக் கீழே. "அத்தே, பவ்பவ்" என்று அவன் மெல்லச் சொன்னது கூடத் தெளிவாகக் கேட்டது. குழந்தை என்ன பார்க்கிறது, முகம் வாடுகிறதா என்பதெல்லாம் தெரியும். எடை சைக்கிளின் நடுவில் விழுவதால் பின்னால் இழுப்பது போல இருக்காது. இந்த நெருக்கத்தை வேறு எந்த சீட்டும் தராது. இரண்டு வருடத்துக்கு மட்டும் போதும், போக்குவரத்து இல்லாத இடத்தில்தான் ஓட்டப்போகிறேன் என்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

ஆனால் எனக்கு உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். மிதிக்கும்போது முட்டி சீட்டின் இரண்டு பக்கமும் இடித்தது. காலை அகட்டி அகட்டி மிதிக்க வேண்டியிருந்தது, அரை மணி நேரத்தில் இடுப்பு வலி வந்துவிட்டது. கையும் காலும் நீளமாக உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, குழந்தை தூங்கிவிட்டால் தலை சாய இடமில்லை. சைக்கிளில் ஏறிய பத்தாவது நிமிடம் தூங்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. தலை ஒரு பக்கம் தொங்கும், அல்லது ஹெல்மெட் முன்னால் போய் முட்டும். சாய்ந்துகொள்ள மெத்தைப் பட்டை தனியாக விற்கிறார்கள். இருந்தாலும் முதுகுக்குச் சாய்மானம் போல ஆகாது. மூன்றாவது, எதிர்க்காற்றும் புழுதியும் பூச்சியும் முதலில் குழந்தையின் முகத்தில்தான் அடிக்கும். மாம்பழச் சாலைப் பக்கம் லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் போனால் தெரியும். கடைசியாக, 15 கிலோ வரம்பு. அட்டவணைப்படி மூன்று வயதில் ஆண் குழந்தை 14.3 கிலோ, பெண் குழந்தை 13.9 கிலோ. அதாவது மூன்று, மூன்றரை வயதோடு முன் சீட் முடிந்துவிடும். அந்த வயதுக்குள் கால் நீண்டு, ஹேண்டில்பாரைத் திருப்பும்போது இடிக்கவும் ஆரம்பிக்கும்.

பின் சீட்டில் இரண்டு விதம். ஒன்று கேரியரின் மேலேயே இறுக்கி வைப்பது. மற்றொன்று ஓட்டுபவர் சீட்டுக்குக் கீழே இறங்கும் நெட்டுக் குழாயில் ஒரு பிடிமானத்தைப் பூட்டி, அதிலிருந்து நீளும் இரண்டு எஃகுக் கம்பியின் மேல் சீட் அந்தரத்தில் நிற்பது. கேரியர் வகையைப் பூட்டுவது சுலபம், விலையும் கொஞ்சம் குறைவு. நம் கேரியர்தான் அதற்குச் சரிவராது. அந்த சீட்டுகள் கேட்பது 25 அல்லது 27 கிலோ தாங்கும் என்று அச்சடித்த கேரியர். நம் ஊர்க் கேரியரில் எண் எதுவும் இருக்காது. அகலமும் ஆளுக்கொரு அளவாக இருக்கும், பிடிமானம் சரியாகக் கவ்வாது. அரிசி மூட்டை ஏற்றுகிற கேரியர்தானே என்று என் மாமனார் கேட்டார். மூட்டை ஏற்றலாம். ஆனால் கேரியரில் சுருள் கிடையாது, பள்ளத்தில் டயர் வாங்கும் அடி அப்படியே சீட்டுக்குப் போகும். முதுகுத்தண்டு உள்ள ஒருத்தியை அதில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

குழாயில் பூட்டும் வகையில் அந்த இரண்டு எஃகுக் கம்பிகளே சுருள் போல வேலை செய்கின்றன. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சீட் மெல்ல ஒருமுறை ஆடி அமர்கிறது. வாங்கும் முன்பு குழாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலான பிடிமானங்கள் 28 முதல் 40 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் பொருந்துகின்றன. சாதாரணச் சைக்கிளின் குழாய் 28-ஐ ஒட்டித்தான் இருக்கும், எதற்கும் அளந்துவிடுங்கள். கார்பன் சட்டகத்திலும் பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் வைத்த சைக்கிளிலும் இதை மாட்டக்கூடாது. சீட்டின் பக்கவாட்டில் எடை மையத்தைக் காட்டும் ஒரு குறி இருக்கும். அது பின் சக்கர அச்சுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் தள்ளிப் போகக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். தள்ளிப் போனால் முன் சக்கரம் லேசாகி, மேட்டில் ஏறும்போது ஹேண்டில்பார் அலையும்.

இதில் 22 கிலோ வரை வைக்கலாம். ஆறு வயதில் ஆண் குழந்தையின் நடுத்தர எடையே இருபதரை கிலோதான், பள்ளிக்கூடம் சேர்த்த பிறகும் இதே சீட் உழைக்கும். முதுகுச் சாய்மானம் தலைக்கு மேல் வரை வருகிறது, தூங்கினால் பக்கவாட்டில் சரியாது. குறைகளும் இருக்கின்றன. குழந்தையின் முகம் தெரியாது. நான் நூறடிக்கு ஒருமுறை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், பதில் வராவிட்டால் ஓரம் கட்டுவேன். முதுகில் பை மாட்ட முடியாது, அது நேராகக் குழந்தையின் முகத்தில் இடிக்கும். பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் பின்னால் காலைத் தூக்கிப் போட்டு ஏறவும் முடியாது, சீட் மறிக்கும். பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது.

அடுத்து ஸ்டாண்டு. யாரும் எனக்குச் சொல்லித்தராத விஷயம் இதுதான். முதலில் சீட்டைக் கணவரின் கியர் சைக்கிளில் மாட்டினோம், புதிது, பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று. குழந்தையை வைக்கும் முன்பு பத்து கிலோ பொன்னி அரிசிப் பையை உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினேன். ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. வாசலுக்கு வந்து சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, கேட்டைத் திறக்க ஒரு கையை எடுத்தேன். சைக்கிள் மெதுவாக, நிதானமாக மறுபக்கம் சாய்ந்தது. நான் திரும்பிப் பிடிப்பதற்குள் கீழே விழுந்துவிட்டது. பெல்ட் அவிழவில்லை. ஆனால் சீட்டின் விளிம்பு வாசற்படிக் கல்லில் மோதிப் பை கிழிந்து, அரிசி கோலத்தின் மேல் கொட்டியது. குழந்தையின் தலை இருந்திருக்க வேண்டிய இடம் அந்த விளிம்பு. அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓட்டும்போது நாம் விழிப்பாக இருக்கிறோம். நிற்கும்போதுதான் கையை எடுக்கிறோம். பத்து கிலோ குழந்தையும் மூன்று, நாலு கிலோ சீட்டும் அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஒப்புக்குத்தான். ஜப்பானில் அம்மாக்கள் பிள்ளைகளை ஏற்றிப் போகும் மாமாசாரி என்ற சைக்கிளில் இரண்டு காலும் அகன்ற, பூட்டிக்கொள்ளும் ஸ்டாண்டு இருக்கிறது. நமக்கு அதைத் தேடி எங்கும் போக வேண்டாம். நம் பழைய சைக்கிள்களில் பின் சக்கரத்தையே தூக்கி நிறுத்தும் பெரிய ஸ்டாண்டு இருக்கிறதே, அது போதும். மறுநாளே சீட்டைக் கழற்றிவிட்டு, இனி என்னுடைய பழைய லேடீஸ் சைக்கிள்தான் என்று முடிவு செய்தேன். கியர் இல்லை. ஸ்ரீரங்கம் சமதரை, கியர் தேவையும் இல்லை. அப்புறம் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஏற்றும்போது ஸ்டாண்டு போட்ட பிறகு குழந்தை, இறக்கும்போது ஸ்டாண்டு போட்டதும் முதலில் குழந்தை, மற்றதெல்லாம் அப்புறம். குழந்தை சீட்டில் இருக்கும் வரை ஒரு கை சைக்கிளில்தான். பால் பாக்கெட் வாங்கக்கூட அவளை உட்கார வைத்துவிட்டு நகர்வதில்லை.

பழைய சைக்கிளில் ஒரு ஆபத்தும் கூடவே வரும். ஓட்டுபவர் சீட்டுக்குக் கீழே இரண்டு சுருள் ஸ்பிரிங் இருக்கும். பின் சீட்டில் உட்கார்ந்த குழந்தையின் விரல் எட்டும் தூரத்தில் அவை இருக்கின்றன. நாம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி விரல் நசுங்கும். ஸ்பிரிங்கை மூடும் உறை கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் இல்லாத சீட்டாக மாற்றிவிடுங்கள். நான் மாற்றிவிட்டேன். துப்பட்டாவைப் பின்னால் தொங்க விடாமல் குறுக்காகக் கட்டி இடுப்பில் செருகுவேன். சேலையோடு ஓட்டுபவர்கள் சக்கரத்துக்கு வலை போட்டுக்கொள்ள வேண்டும்.

பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரையும் யோசித்தேன். விழுந்தாலும் உயரம் குறைவு, மழை வெயிலுக்குக் கூடாரம் உண்டு. மேல்நாட்டில் குழந்தை மருத்துவர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள். தனிப் பாதை உள்ள ஊரில் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். இங்கே அது பஸ் டிரைவரின் கண்ணுக்குக் கீழே ஓடும், வண்டிகளின் புகைக்குழாய் உயரத்தில் குழந்தையின் மூக்கு இருக்கும், காவிரிப் பாலத்தில் அந்த அகலத்தோடு போவதை நினைக்கவே முடியவில்லை. கோபன்ஹேகனில் 1984-ல் பிறந்த கிறிஸ்டியானியா மூன்று சக்கரச் சைக்கிள் போல முன்னால் பெட்டி வைத்ததும் அழகுதான். வாங்கும் விலையும் நிறுத்த வேண்டிய இடமும் எங்கள் சந்து வீட்டுக்கு ஒத்துவராது. துணித் தொட்டிலில் முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொண்டு ஓட்டலாமா என்று ஒருத்தி கேட்டாள். கூடவே கூடாது. விழுந்தால் நம் எடையே குழந்தையின் மேல் விழும்.

ஹெல்மெட் வாங்கும்போது அளவு நாடாவால் புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். மிகச் சின்ன ஹெல்மெட்டுகள் 44, 46 சென்டிமீட்டரில்தான் தொடங்குகின்றன. ஒரு வயதுப் பெண் குழந்தையின் தலை கிட்டத்தட்ட 45. பின்பக்கம் தட்டையாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். பின்னால் புடைத்த ஹெல்மெட் சாய்மானத்தில் இடித்துத் தலையை முன்னால் தள்ளிவிடும். என் மகள் முதல் வாரம் ஹெல்மெட்டைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். வீட்டில் சாதம் ஊட்டும்போது நானும் என்னுடையதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், நாலு நாளில் சரியாகிவிட்டது. அப்புறம் வெயில். சைக்கிளை வெளியே நிறுத்தினால் சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வையுங்கள். திருச்சி சித்திரை வெயிலில் பெல்ட்டின் கொக்கி தொடையில் பட்டால் சூடு போட்டது போல ஆகிவிடும். நாம் மிதிப்பதால் நமக்கு வியர்க்கும், காற்று படும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தாகம் எடுப்பது நமக்குத் தெரியாது.

ஆக, என் சைக்கிளுக்கும் என் தெருவுக்கும் குழாயில் பூட்டும் பின் சீட். உங்களுக்கு உயரம் இருந்து, குழந்தைக்கு ஒன்றரை வயதுக்குள் இருந்து, குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே சுற்றப்போகிறீர்கள் என்றால் முன் சீட்டைத் தாராளமாக வாங்குங்கள், அந்தப் பேச்சுத்துணைக்காகவே. சைடு ஸ்டாண்டு மட்டும் உள்ள சைக்கிள் என்றால் சீட்டுக்கு முன் ஸ்டாண்டை மாற்றுங்கள்.

பழைய சீட்டை யாராவது கொடுத்தால் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் எஃகுக் கம்பி வளைந்திருக்கிறதா, பிளாஸ்டிக்கில் நூல் போல வெடிப்பு ஓடுகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒருமுறை விழுந்த சீட் என்றால் வேண்டாம். எங்கள் சீட்டே அரிசிப் பையோடு விழுந்ததுதானே. அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி, அதைத்தான் லேடீஸ் சைக்கிளில் மாட்டினோம், சில ஆயிரம் ரூபாய் நஷ்டம் ஆனாலும். மாதம் ஒருமுறை பிடிமானத்தின் போல்ட்டுகளை ஆலன் சாவியால் இறுக்கிப் பார்க்கிறேன். பிள்ளை வளர வளர தோள் பெல்ட்டின் உயரத்தையும் மாற்ற வேண்டும். போன வாரம் பார்த்தபோது பெல்ட் அவள் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது, மேல் துளைக்கு ஏற்றிவிட்டேன்.